எக்கலை காக்கும்?

சிலம்பம் சிறந்ததா, கராத்தே சிறந்ததா, மற்போர் சிறந்ததா, குத்துச்சண்டை சிறந்ததா என்னும் வினா இளைஞர் கூடும் இடங்களிலெல்லாம் எழுவதுண்டு. ஒவ்வொருவரும் தாம் பயின்ற கலையே தலைசிறந்தது என்பர். ஒன்றும் பயிலாதவரோ திரைப்படத்தில் கண்டதைச் சான்றாகக் காட்டுவர். வாதம் நீளுமேயன்றி முடிவதில்லை. ‘சிறந்தது’ என்னும் சொல்லை ஒருவர் ஒரு பொருளிலும் மற்றவர் வேறொரு பொருளிலும் ஆளுவதே அதற்குக் காரணம். நடுவர் முன்னிலையில், வகுத்த விதிகளின்படி, தன் எடையை ஒத்த ஒருவனை வெல்வது ஒன்று. இருண்ட தெருவில் எதிர்பாராது பாய்ந்த ஒருவனிடமிருந்து ஊறின்றி வீடு திரும்புவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி எத்துணைப் பெரிது என்பதைச் சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் பலர் தம் உடலையே கருவியாக்கி ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சி ஜப்பான் நாட்டில், மெலிந்த ஒரு மாணவனின் மனக்குறையில் தொடங்கிற்று எனலாம்.

ஜிகோரோ கானோ என்பார் 1860ஆம் ஆண்டில், கோபே நகருக்கு அணித்தான மிகாகே என்னும் ஊரில் பிறந்தார். கல்வியிற் சிறந்த அவர் உடலால் மெலிந்தவர், உயரமும் குறைவு. டோக்கியோவில் தங்கிப் பயின்றபோது வலிய மாணவர் அவரை அடித்துத் துன்புறுத்தினர். மெலியவன் வலியவனை வெல்ல உதவும் கலை ஒன்று உண்டு என்றும், அதற்கு ஜுஜுத்சு என்று பெயர் என்றும் அவர் கேள்வியுற்றார். மென்மைக் கலை என்பது அச்சொல்லின் பொருள். வாளை இழந்த வீரன் வெறுங்கையால் பகைவனைப் பற்றி வீழ்த்தவும், மூட்டை முறுக்கவும், கழுத்தை நெரிக்கவும் வகுத்த முறைகளின் தொகுதி அது. ஆயினும் அந்நாளில் அதனைக் கற்பிப்பாரைக் காண்பதே அரிதாயிற்று. 1868இல் ஆட்சி மாறியபின் வாளேந்திய மறவர் குலத்தின் செல்வாக்குக் குன்றியது. 1876இல் பொது இடங்களில் வாள் அணிவதும் தடுக்கப்பட்டது. ஜுஜுத்சு ஆசிரியர் சிலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டுப் பிழைத்து வந்தனர். முறிக்கக் கற்றவர் பொருத்தவும் கற்றிருந்தது வியப்பன்று.

1877இல் கானோ, ஃபுகுடா ஹச்சினோசுகே என்னும் அத்தகைய ஆசிரியர் ஒருவரைக் கண்டடைந்தார். ஒரு நாள் ஆசிரியர் அவரைத் தூக்கி எறிந்தார். கானோ எழுந்து, அம்முறையில் கையை எவ்வாறு வைத்தல் வேண்டும், காலை எவ்வாறு வைத்தல் வேண்டும் என்று வினவினார். ஆசிரியர் விடை கூறாமல் மீண்டும் எறிந்தார். மீண்டும் வினவினார், மீண்டும் எறியப்பட்டார். பலமுறை விழுந்தாலன்றி அது விளங்காது என்பது ஆசிரியரின் கருத்து. அதில் உண்மை இருந்தது. எனினும் கானோ ‘ஏன்’, ‘எவ்வாறு’ என்னும் கேள்விகளை விட்டுவிடவில்லை. அப்பயிற்சிக் கூடத்தில் பருத்த உடலினர் ஒருவர் இருந்தார். அவரை வீழ்த்தக் கானோவால் இயலவில்லை. ஜப்பானிய மல்லரின் சுமோ முறைகளை ஆராய்ந்தார், பயன் கிட்டவில்லை. பின்னர் மேலைநாட்டு மற்போர் நூல் ஒன்றைத் தேடிப் படித்தார். எதிரியின் கீழே குனிந்து புகுந்து, அவனைத் தோள்மேல் ஏற்றிச் சுழற்றி எறியும் முறை ஒன்றை அதில் கண்டார். நண்பர்களோடு அதனைப் பழகி, ஒரு நாள் அப்பருத்த மாணவரை எறிந்தே விட்டார். தன் குலத்துக் கலையில் இல்லாததைப் பிறர் நூலிலிருந்து எடுத்துக்கொள்ள அவர் நாணவில்லை என்பது கருதத்தக்கது.

பழைய ஜுஜுத்சுவில் இருவகைப் பயிற்சிகள் இருந்தன. ஒன்று கத்தா. இதில் அடிப்பவன் இன்னவாறு அடிப்பான், தடுப்பவன் இன்னவாறு தடுப்பான் என்று முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். இருவரும் ஒத்திசைந்து அதனைச் செய்து காட்டுவர். மற்றொன்று ரண்டோரி. இதில் எவன் என்ன செய்வான் என்பது எவனுக்கும் தெரியாது. இருவரும் தத்தம் முழு வலிமையோடு எதிர்ப்பர். பள்ளிகள் பலவற்றில் முன்னதே மிகுந்திருந்தது. கண்ணைக் குத்துதல், விரலை முறித்தல், உயிர்நிலையில் அடித்தல் போன்ற கொடிய முறைகளை முழு வேகத்தில் பழகினால் மாணவரே மிஞ்சமாட்டார்கள் அன்றோ? ஆதலால் அவை நடிப்பாகவே பழகப்பட்டன.

கானோ 1882இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலின் ஒரு பகுதியில் தம் பள்ளியைத் தொடங்கினார். பன்னிரண்டு பாய்கள் விரிக்கும் அளவே இடம், மாணவர் ஒன்பதின்மர். அதற்குக் கொதோகான் என்று பெயரிட்டார். தம் கலையை ஜூடோ, அஃதாவது மென்மை நெறி, என்று அழைத்தார். மாணவர் விழும் அதிர்ச்சியில் கோயிலின் தரைப்பலகைகள் முறிந்தனவாம். ஆசிரியரே விளக்கை ஏந்தித் தரையின் அடியில் நுழைந்து அவற்றைச் செப்பனிடுவாராம். அவர் செய்த பெரிய மாற்றம் ஒன்றுண்டு. பழகுவோர்க்கு இடர் விளைக்கும் முறைகளைத் தனியே பிரித்துக் கத்தாவில் மட்டும் வைத்தார். எஞ்சிய எறிதல், அமுக்குதல், பூட்டுதல் ஆகியவற்றை நாள்தோறும், எதிர்க்கும் துணைவன்மேல், முழு வேகத்தோடு பழகச் செய்தார்.

1885ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த ஒன்று அம்முறையின் பயனை அவர்க்கே உணர்த்திற்று. அவருக்குக் கற்பித்து வந்த இய்குபோ என்னும் முதிய ஆசிரியர் எறிதலில் வல்லவர். கானோவை எப்போதும் எளிதில் எறிந்துவிடுவார். அன்று மட்டும் அவரால் ஒருமுறையும் எறிய முடியவில்லை. மாறாகக் கானோவே அவரைப் பன்முறை எறிந்தார். இஃது எங்ஙனம் என்று ஆசிரியர் வியந்து கேட்டார். தள்ளினாலும் இழுத்தாலும் எதிரியின் உடல் ஒரு கணம் நிலை குலைகிறது, அக்கணத்தை உண்டாக்கிய பின்னரே எறிதல் வேண்டும் என்பதைக் கண்டதாகக் கானோ விளக்கினார். இனித் தாம் கற்பிக்க ஒன்றுமில்லை என்று ஆசிரியர் கூறிவிட்டார். தோற்ற இடத்தில் அவ்வாறு கூறும் ஆசிரியரும் அரியரே.

ஈண்டு ஒரு விந்தையை நோக்குதல் வேண்டும். கொடிய முறைகளை விலக்கிய கலை மெலிந்துபோயிருக்க வேண்டும். அவற்றையெல்லாம் வைத்திருந்த பழைய பள்ளிகளே வலிமை மிக்கனவாய் இருந்திருக்க வேண்டும். நிகழ்ந்ததோ மாறானது. 1880களில் டோக்கியோக் காவல்துறையின் ஆதரவில் நடந்த போட்டிகளில் கானோவின் மாணவர் பழைய பள்ளியினரைப் பெரும்பாலும் வென்றனர். நூறு கொடிய முறைகளை அறிந்து ஒன்றையும் எதிர்ப்பவன்மேல் செய்து பாராதவன், பத்து எளிய முறைகளை ஆயிரம் முறை செய்து பார்த்தவனிடம் தோற்றான். நூல்வழி நீந்தக் கற்றவனுக்கும் ஆற்றில் இறங்கிக் கற்றவனுக்கும் உள்ள வேறுபாடே இது. ‘எங்கள் கலை மிகக் கொடியது, ஆகையால் மோதிப் பழகுவதில்லை’ என்று பெருமை பேசுவோர் இக்காலத்திலும் உளர். அவர்கள் கொதோகானின் இவ்வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

கானோ இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் தலைவராகவும் விளங்கினார். தம் முதல் ஆசிரியரின் பெயர்த்தியாகிய கெய்கோ ஃபுகுடாவை ஜூடோ பயில அவரே அழைத்தார். 1935இல் பயிற்சியைத் தொடங்கிய அவ்வம்மையார் ஐந்தடி உயரமும் இல்லாதவர். அமெரிக்காவில் குடியேறி முதுமை வரை கற்பித்து, 2013இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார்.

கத்தாவுக்கும் ரண்டோரிக்கும் உள்ள வேறுபாடு தமிழ்நாட்டார்க்குப் புதியதன்று. திருவிழாவில் பந்தம் கொளுத்திய கம்பைச் சுழற்றும் அலங்காரச் சிலம்பமும், எதிரே ஒருவன் கம்போடு நிற்கப் பொருதும் போர்ச் சிலம்பமும் வேறு வேறு என்பதை ஊர் ஆசான்கள் நன்கு அறிவர். முன்னது கண்ணுக்கு விருந்து. மணிக்கட்டுக்கும் தோளுக்கும் நல்ல பயிற்சி. ஆயினும் எட்ட நிற்பவனை எட்டவே நிறுத்தும் காலடியும், வரும் அடியைக் கணித்து விலகும் பார்வையும் பின்னதில்தான் வாய்க்கும்.

கராத்தேயில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. பிடித்து எறியும் கலையில் முழு வலிமையையும் காட்டலாம். பாய் இருக்கிறது, விழுபவன் எழுந்துவிடுவான். தொண்டையில் குத்தும் கலையில் அவ்வாறு செய்ய முடியுமா? ஒக்கினாவாத் தீவில் பள்ளியாசிரியராக இருந்த கிச்சின் ஃபுனகோஷி 1922இல் டோக்கியோவுக்கு வந்து கராத்தேயை அரங்கேற்றினார். அவரைக் கொதோகானுக்கு அழைத்துச் செய்துகாட்டச் சொன்னவர் கானோவே. ஃபுனகோஷி கத்தாப் பயிற்சியையே உயிராகக் கொண்டவர். மாணவர் ஒருவரோடொருவர் தடையின்றி மோதுவதை விரும்பாதவர். அவர் மறைந்த 1957ஆம் ஆண்டிலேயே, அவர் வழியினர் அடியைத் தொடுமுன் நிறுத்தும் விதியோடு நாடளாவிய போட்டியை நடத்தினர். உடலில் முழு வலிமையோடு அடிக்கலாம், முகத்தில் மட்டும் குத்தலாகாது என்று விதி செய்துகொண்ட பிரிவினரும் உண்டு. ஒவ்வொரு வழியிலும் ஒன்று கிடைத்தது, ஒன்று இழக்கப்பட்டது.

விதி என்பது வெறுஞ்சொல் அன்று. அது உடலில் ஊறிவிடுவது. முகத்தில் குத்து விழாது என்று அறிந்தவன் நாளடைவில் முகத்தைக் காக்க மறப்பான். கையுறை அணிந்தே பழகியவன் வெறுங்கையால் மண்டையில் குத்தினால் தன் கையையே முறித்துக்கொள்வான். சுண்டுவிரலின் அடியில் உள்ள கையெலும்பு அவ்வாறு முறிவதற்கு ஆங்கில மருத்துவர் குத்துச்சண்டையின் பெயரையே இட்டுள்ளனர். டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் நிகழ்ந்தது இதற்குச் சிறந்த சான்று. கராத்தேயின் மிகு எடைப் பிரிவின் இறுதிப் போட்டியில் சவூதி அரேபிய வீரர் தாரெக் ஹாமெதி முன்னணியில் இருந்தார். அவர் உதைத்த உதையில் ஈரான் வீரர் சஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்து வீழ்ந்தார். உதை அளவு கடந்தது என்று கூறி நடுவர் ஹாமெதியைத் தகுதி நீக்கினர். நினைவிழந்து கிடந்தவர்க்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. விதிப்படி அது முறையான தீர்ப்பே. ஆனால் தெருவில் அவ்விருவருள் எவர் வீடு திரும்பியிருப்பார் என்று கேட்டால் விடை வேறாகும்.

கலைகளை நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்தால் என்ன என்னும் எண்ணமும் பலர்க்கு எழுந்தது. 1976இல் குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் ஜப்பானிய மல்லர் அந்தோனியோ இனோக்கியும் டோக்கியோவில் பொருதனர். இனோக்கி பெரும்பொழுது தரையில் மல்லாந்து கிடந்தபடியே அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். அலியால் குனிந்து குத்த இயலவில்லை. பதினைந்து சுற்றும் அவ்வாறே கழிந்து வெற்றி தோல்வியின்றி முடிந்தது. பார்க்க வந்தோர் பணம் வீணாயிற்று என்று நொந்தனர்.

அதனினும் பயனுள்ள ஆராய்ச்சி பிரேசில் நாட்டில் நெடுநாள் நடந்தது. கானோவின் பள்ளியில் பயின்ற மித்சுயோ மயேதா 1904இல் ஜப்பானை விட்டுப் புறப்பட்டு, பல நாடுகளில் மல்லரோடு பொருது, 1914இல் பிரேசிலை அடைந்து, பெலெம் நகரில் தங்கினார். அவரிடம் கற்ற கார்லோசு கிரேசி என்னும் இளைஞர் தம் தம்பியரோடு அக்கலையை வளர்த்தார். தம்பியருள் எலியோ மெலிந்த உடலினர். எனவே தரையில் கிடந்து, நெம்புகோலின் தத்துவத்தால் மூட்டையும் கழுத்தையும் பூட்டும் முறைகளில் கருத்தூன்றினார். 1951ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் ரியோ நகரின் மரக்கானா அரங்கில் ஜப்பானின் மாபெரும் ஜூடோ வீரர் மசாகிகோ கிமுரா அவரோடு பொருதார். கிமுரா பூட்டிய பூட்டில் எலியோவின் கை முறிந்தது. அப்போதும் அவர் பணியவில்லை. தமையனார் துண்டை எறிந்து போட்டியை நிறுத்தினார். தோற்ற குடும்பத்தார் அப்பூட்டுக்குக் ‘கிமுரா’ என்றே பெயரிட்டு வழங்கலாயினர்.

எலியோவின் மகன் ராய்சு கிரேசி 1993ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த போட்டியில் கலந்துகொண்டார். குத்துச்சண்டை, சுமோ, கராத்தே முதலிய கலைகளில் வல்லார் எண்மர் அதில் இறங்கினர். கடித்தலும் கண்ணைத் தோண்டுதலும் தவிரப் பிறவெல்லாம் ஏறத்தாழ விலக்கின்றி விடப்பட்டன. எடை வரம்பும் இல்லை. ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள ராய்சு ஒரே இரவில் மூவரை வென்றார்; மூன்று போட்டிகளும் சேர்ந்து ஐந்து நிமிடங்களே நடந்தன. குத்துவோரும் உதைப்போரும் தரையில் வீழ்த்தப்பட்டதும் செய்வதறியாது திகைத்தனர். அப்போட்டியை ஏற்பாடு செய்தோருள் அவருடைய தமையனாரும் ஒருவர் என்பதையும் மறத்தலாகாது. எனினும் வெற்றி மெய்யான வெற்றியே.

கிரேசியரின் கலையே எல்லாவற்றிலும் சிறந்தது என்று உலகம் முடிவு கட்டிற்று. அம்முடிவும் நிலைக்கவில்லை. பிற கலைஞர் தரைப் பிடிகளைக் கற்றனர். அவற்றிலிருந்து நழுவவும் கற்றனர். 1997இல் உதைக்குத்துச் சண்டை வீரரான மாரிசு சுமித், மற்போரில் வல்ல மார்க் கோல்மனின் பிடிகளைத் தாங்கி எழுந்து நின்று அவரை வென்றார். 2000ஆம் ஆண்டு மே முதல் நாள் டோக்கியோவில் கசுஷி சகுராபா தொண்ணூறு நிமிடங்கள் ராய்சோடு பொருது, அவர் தரப்பினர் துண்டை எறியுமாறு செய்தார். இன்று அவ்வகைப் போட்டிகளில் இறங்குவோர் குத்தும் கற்கின்றனர், உதையும் கற்கின்றனர், மற்போரும் தரைப் பூட்டும் கற்கின்றனர். எக்கலை என்று பெயர் சொல்ல இயலாதவாறு அவை ஒன்றாய்க் கலந்துவிட்டன.

அரங்கின் முடிவு இது. தெருவின் முடிவோ வேறு. அரங்கில் எதிரி ஒருவனே. தெருவில் அவனுக்குத் துணைவர் இருக்கலாம். அரங்கில் மெத்தை, தெருவில் கருங்கல். ஒருவனைத் தரையில் அமுக்கிப் பூட்டிக் கிடக்கும் வல்லவனின் தலையில் மற்றொருவன் காலால் உதைத்தால் அவன் கற்ற பூட்டு என்ன செய்யும்? கத்தியோ இவை எல்லாவற்றினும் கொடியது. கத்தியைத் தட்டிப் பறிக்கும் முறைகள் பல பள்ளிகளில் அழகாகக் கற்பிக்கப்படுகின்றன. துணைவன் கையில் மரக்கத்திக்கு மாறாக மை தோய்த்த தூரிகையைக் கொடுத்து, விட்டுக்கொடாமல் குத்தச் சொல்லிப் பார்த்தால், பறிப்பவனின் சட்டை முழுதும் கோடுகளாய் நிறைந்துவிடும். ஓட வழியிருந்தால் ஓடுவதும், பையைக் கேட்டால் பையை எறிவதுமே அங்குக் கலை.

சாங்காய் நகரக் காவல்துறையில் 1907இல் சேர்ந்த ஃபேர்பேர்ன் என்னும் ஆங்கிலேயர் பணியில் சேர்ந்த சில காலத்திலேயே தெருவில் கடுமையாகத் தாக்கப்பட்டுப் படுகாயமுற்றார். தேறியபின் ஜுஜுத்சு பயின்றார். தெருச் சண்டைகள் பலவற்றில் தாமே ஈடுபட்டார். 1926இல் தம் முறையை நூலாக வெளியிட்டார். அவர் கண்டது யாதெனில், அஞ்சி நடுங்கும் பொழுது நுண்ணிய முறைகள் கைக்கு வாரா என்பதே. விரல் நடுங்கும், பார்வை குறுகும், கற்றது மறக்கும். ஆகவே உள்ளங்கையின் அடியால் மோவாயில் இடித்தல், கையின் விளிம்பால் வெட்டுதல் போன்ற சில பெரிய அசைவுகளையே காவலர்க்குக் கற்பித்தார். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலப் படைவீரர் பலர் அவற்றையே பயின்றனர்.

தற்காப்பு உண்மையிலேயே உயிர்த்தேவையாய் இருந்தோர் அவற்றை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதற்கு இலண்டன் மாதர் வரலாறு சிறந்த விளக்கம். வாக்குரிமை வேண்டிக் கிளர்ந்த பெண்கள் 1910ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் நாடாளுமன்றத்தின் முன்னர்க் காவலராலும் கூட்டத்தினராலும் கொடுமையாகத் தாக்கப்பட்டனர். சிறையில் உண்ணா நோன்பிருந்தோரை மெலிந்தபின் விடுவித்து, தேறியபின் மீண்டும் பிடிக்கும் சட்டம் 1913இல் வந்தது. தலைவி எம்மலின் பாங்கர்ஸ்டு மீண்டும் மீண்டும் பிடிபடாதவாறு காக்கப் பெண்கள் ஏறத்தாழ முப்பதின்மர் கொண்ட மெய்காவற்படை ஒன்று அமைந்தது. அவர்களுக்கு ஜுஜுத்சு கற்பித்தவர் ஈடித் காரட் அம்மையார். ஜப்பானிய ஆசிரியரிடம் பயின்ற அவருடைய உயரம் 150 சென்டிமீட்டர்தான். தன்னினும் பெரிய காவலரை அவர் எளிதில் எறிந்து காட்டுவார். அப்பெண்கள் கர்லாக் கட்டைகளைத் தம் ஆடைக்குள் மறைத்து எடுத்துச் சென்றனர். இந்தியரின் உடற்பயிற்சிக் கட்டை ஆங்கில அதிகாரிகள் வழியாக அந்நாட்டில் பரவி, இறுதியில் அவ்வரசின் காவலரையே எதிர்த்து நின்றது.

1914 மார்ச்சு 9ஆம் நாள் கிளாசுகோ நகர மண்டபத்தில் பாங்கர்ஸ்டு அம்மையார் பேச எழுந்தார். மேடையோரத்தில் மலர்களுக்கிடையே முள்வேலி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. காவலர் புகுந்தனர், மெய்காவற்படையினர் கட்டையாலும் பிடியாலும் வீரத்தோடு பொருதனர். ஆயினும் எண்ணிக்கையும் வலிமையும் மிக்க காவலர் தலைவியைப் பிடித்துச் சென்றனர். அதற்கு முந்திய மாதம் இலண்டனில் நிகழ்ந்ததோ வேறு. அன்று அம்மையார் ஒரு வீட்டின் மாடத்தில் நின்று பேசினார். பேச்சு முடிந்ததும் முகத்திரையிட்ட ஒரு பெண் காவற்படை சூழ வெளியே வந்தாள். காவலர் பாய்ந்து, பெரும்பாடுபட்டு அவளைப் பிடித்துத் திரையை விலக்கினர். அவள் வேறொருத்தி! தலைவி அதற்குள் தப்பிவிட்டார். கட்டையும் பிடியும் செய்யமாட்டாததை ஒரு முகத்திரை செய்தது. அப்பெண்கள் கோழையர் அல்லர், ஜுஜுத்சுவும் வீணன்று. ஏமாற்றும் அவ்வளவு நேரம் காவலரைத் தடுத்து நிறுத்த அது வேண்டியிருந்தது. தற்காப்புக் கலை வாங்கித் தருவது பெரும்பாலும் வெற்றியை அன்று, சில விநாடிகளையே.

அண்மைக் காலத்து ஆராய்ச்சி ஒன்றும் இவ்வழியே செல்கிறது. கனடா நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு பயின்ற பெண்கள் 893 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மட்டும் மொத்தம் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சி அளித்தனர். 2015இல் வெளியான அதன் முடிவின்படி, ஓராண்டில் பாலியல் வல்லுறவுக்கு ஆளானோர் பயிற்சி பெறாதாருள் நூற்றுக்கு 9.8 பேர், பயிற்சி பெற்றாருள் 5.2 பேர். பன்னிரண்டு மணி நேரத்தில் எவரும் வீராங்கனை ஆகிவிட முடியாது. தீங்கு வரும் அறிகுறியை முற்கூட்டி உணர்தல், அறிமுகமானவனே ஆயினும் தயங்காமல் உரத்து மறுத்தல் ஆகியவை அப்பயிற்சியில் பெரும்பங்கு பெற்றன. அவற்றோடு சில எளிய அடிகளும் கற்பிக்கப்பட்டன. பல தாக்குதல்கள் அயலாரால் அன்றி, அறிந்தவராலேயே நிகழ்கின்றன என்பதைக் கராத்தே வகுப்புகள் மிக அருகியே பேசுகின்றன. தாக்கியவன் தப்பலாம் என்று கருதுவதற்கு அவ்வமைதியும் ஒரு காரணம். தாக்கப்பட்டார்மேல் குற்றம் சாரவே சாராது.

சட்டமும் ஓர் எல்லையை வகுத்துள்ளது. தன் உடலையும் பிறர் உடலையும் காத்துக்கொள்ளும் உரிமை இந்தியாவில் ஒவ்வொருவர்க்கும் உண்டு. கானோ பிறந்த 1860ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் அதனை 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் கூறிற்று. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளாய் அமைந்துள்ளன. காத்தற்கு வேண்டிய அளவினும் மிகுந்த தீங்கு செய்ய அவ்வுரிமை இடந்தருவதில்லை. தாக்கியவன் திரும்பி ஓடத் தொடங்கியபின் துரத்திச் சென்று அடிப்பது காத்தல் ஆகாது. பூட்டிய கையை முறிக்காமல் பிடித்துவைக்கக் கூடியவனுக்கு இவ்வெல்லைக்குள் நிற்பது எளிது; குத்த மட்டுமே அறிந்தவனுக்கு அரிது.

பயிற்சிக் கூடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விரும்பும் மாணவன் சுவரில் தொங்கும் பதக்கங்களையும் ஆசிரியரின் இடுப்பிலுள்ள பட்டையின் நிறத்தையும் நோக்குவதினும், ஒரு மாலைப் பொழுது ஓரமாய் அமர்ந்து, துணைவன் மெய்யாகவே எதிர்க்கின்றானா, கைதட்டிப் பணிந்தவுடன் மற்றவன் விட்டுவிடுகின்றானா என்று நோக்குவது மேல். கொதோகானில் முதலில் கற்பிப்பது எறிதலை அன்று, விழுதலை. மோவாயை மார்போடு சேர்த்து, முதுகை வளைத்து, கையால் பாயில் ஓங்கி அறைந்து விழவேண்டும்; அப்போது தலை தரையில் மோதாது. கொதோகானில் நெடுநாள் பயின்ற ஒருவர் வாழ்நாள் முழுதும் எவனாலும் தாக்கப்படாமலே இருந்துவிடலாம். ஆனால் மழைநாளில் முற்றத்தில் வழுக்காமல் இருந்துவிட முடியாது. சுவீடன் நாட்டு ஜூடோச் சங்கத்தார் இப்போது முதியோரை அழைத்து இவ்விழுதலை மட்டும் தனியே கற்பித்து வருகின்றனர்.